ரயில்வே நிருபர் இனி தேவையில்லை என்று முடிவெடுத்த ஆசிரியர் குழுவுக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் குழுவினருக்கும் நிர்வாகத்தினருக்கும்,

அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து நம் நாளிதழில் ரயில்வேக்கென்று தனி நிருபர் இருக்க மாட்டார் என்று சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறீர்கள். ரயில்வே செய்திகளை டிஜிட்டல் டெஸ்க்கும் பொதுச் செய்திப் பிரிவும் பங்கிட்டுக்கொள்ளுமாம். நான் வீட்டுமனை இணைப்பிதழுக்குப் போக வேண்டுமாம். அதற்கான காரணங்களையும் எழுதியிருக்கிறீர்கள். ரயில்வே தகவல் எல்லாம் இப்போது செயலியிலும் சமூக ஊடகத்திலும் உடனுக்குடன் வந்துவிடுகிறது, வாசகர்கள் வந்தே பாரத் வீடியோவைத் தாண்டி எதையும் படிப்பதில்லை, ஒரு துறைக்கு ஒரு ஆள் என்பது செலவுக்குக் கட்டுப்படியாகவில்லை.

இந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. உள்ளுக்குள் எழுதிப் பார்த்தேன், நேரிலும் கேட்டேன். "பார்க்கலாம்" என்பதற்கு மேல் பதில் வரவில்லை. அதனால் வெளியில் எழுதுகிறேன். என் நாற்காலி போகிறதே என்ற வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் அதற்காக மட்டும் என்றால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். இதில் நஷ்டப்படப்போவது சென்னை பேசின் பிரிட்ஜுக்கு வடக்கே இருக்கிற நம் வாசகர்கள். அவர்களுக்கும் விஷயம் தெரிய வேண்டும். நாளிதழின் பெயரை இங்கே எழுதவில்லை. யாரிடம் பேசுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும், அது போதும்.

முதலில் செயலி விஷயம். சென்ட்ரலிலிருந்து வடக்கே போகும் கும்மிடிப்பூண்டி லோக்கல் எங்கே நிற்கிறது என்று செயலி சொல்லும். ஏன் நிற்கிறது என்று சொல்லாது. அந்தத் தடத்தில் லோக்கல் மட்டுமா ஓடுகிறது? விஜயவாடா பக்கத்திலிருந்து வரும் விரைவு ரயில்கள், சென்னைத் துறைமுகத்துக்கும் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கும் போய்வரும் சரக்கு ரயில்கள், நிலக்கரி, கன்டெய்னர், எண்ணெய் டேங்கர் எல்லாம் அதில்தான் முட்டிமோதுகின்றன. ஒரு லோக்கல் ரத்தானால் காரணம் மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். ரேக் (ரயில் பெட்டித் தொடர்) இல்லை, பாத் (தடத்தில் போக வழி) இல்லை, க்ரூ (ஓட்ட ஆள்) இல்லை. ரேக் இல்லை என்றால் பராமரிப்பு ஷெட்டில் ஏதோ சரியில்லை. பாத் இல்லை என்றால் ரயில்களை இயக்கும் கன்ட்ரோல் அறையில் வேறு எந்த ரயிலுக்கு முன்னுரிமை கொடுத்தார்கள் என்று கேட்க வேண்டும். க்ரூ இல்லை என்றால் காலிப் பணியிடங்களின் கதை அங்கே தொடங்குகிறது. மூன்றுக்கும் பதில் சொல்ல வேண்டிய அதிகாரி வேறு வேறு. செய்திக்குறிப்பில் இந்த மூன்றும் "தொழில்நுட்பக் காரணம்" என்ற ஒரே சொல்லுக்குள் போய்விடும். அந்தச் சொல்லைப் பிரித்துக் கேட்கத் தெரிந்த ஒருவரைத்தான் நீங்கள் வேண்டாம் என்கிறீர்கள்.

மழைக்காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் இடையிலுள்ள 14-ஆம் எண் பாலத்தில் தண்ணீர் ஏறியது, எனவே ரயில்கள் ரத்து என்று அறிவிப்பு வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வந்தது, வேறு மழைகளிலும் வந்திருக்கிறது. டெஸ்க்கில் உட்கார்ந்திருப்பவருக்கு அது ரத்தான ரயில்களின் பட்டியல். சென்ட்ரலிலிருந்து கிளம்ப வேண்டிய கோவை, பெங்களூரு வண்டிகள் எங்கிருந்து கிளம்பும் என்று போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். இந்தப் பக்கத்தில் வாழ்கிறவனுக்கு அந்தப் பால எண்ணே வேறு செய்தி. அங்கே தண்ணீர் ஏறியது என்றால் புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது என்று அர்த்தம். கணேசபுரம் சுரங்கப்பாதை அதற்கு முன்பே மூழ்கியிருக்கும். மறுநாள் காலை நான் எழுதியது, தண்டவாளத்துக்கு அடியில் போகிற கால்வாயை யார் தூர்வார வேண்டும், ரயில்வேயா மாநகராட்சியா என்பதைப் பற்றி. அந்தச் செய்தி எந்த செயலியிலும் வராது.

இந்த வேலைக்கு நான் ஆசைப்பட்டு வந்தவன் இல்லை. பெரம்பூர்க்காரன், அப்பா ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் கேரேஜ் ஒர்க்ஸில் ஃபிட்டர் என்பதால், "ரயில்வே உனக்குத் தெரிஞ்சிருக்குமே" என்று தலையில் கட்டினார்கள். அரசியல், கோர்ட், கிரைம் எல்லாம் பங்கு போட்டபின் மிஞ்சுவதுதான் அன்று ரயில்வே பீட். ரயில்வே குடும்பத்தில் பிறந்தால் ரயில்வே தெரியும் என்பது எவ்வளவு பொய் என்று முதல் வாரத்திலேயே புரிந்தது. பெட்டி வேலை பார்க்கிறவருக்கு சிக்னல் தெரியாது. சிக்னல்காரருக்குத் தண்டவாளம் பற்றிக் கருத்து உண்டு, அறிவு கிடையாது. கமர்ஷியல் ஆட்களுக்கு இவர்கள் இரண்டு பேர் மேலும் கோபம். அவரவர் பாஷை அவரவருக்கு.

எனக்கு முன்பு இந்த பீட்டைப் பார்த்த மூத்த நிருபர் ஒருவர்தான் கற்றுக்கொடுத்தார். "பிஆர்ஓவைப் பார்க்கறதுக்கு முன்னாடி பாயின்ட்ஸ்மேனைப் பாரு" என்பது அவர் சொன்ன முதல் பாடம். செய்திக்குறிப்பு கொடுக்கிற மக்கள் தொடர்பு அதிகாரிக்கு முன்னால், தடம் மாற்றிவிடும் ஊழியரைப் பார் என்று அர்த்தம். அப்புறம் ஒரு காஷன் ஆர்டரைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார். எந்த இடத்தில் எவ்வளவு வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று ரயில் ஓட்டுநரான லோகோ பைலட்டுக்குக் கொடுக்கும் தாள் அது. எனக்கு எண்களாகத் தெரிந்தது. அவருக்கு எந்தப் பாலம் பலவீனமாக இருக்கிறது, எங்கே தண்டவாளம் மாற்ற வேண்டியிருக்கிறது, எந்த வேலை முடிந்ததாகச் சொல்லிவிட்டு முடிக்காமல் கிடக்கிறது என்று தெரிந்தது. ஒரே தாள்தான். அதைப் படிக்க எனக்குச் சில வருடங்கள் ஆயின.

நம் டெஸ்க்கில் இன்றைக்கும் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். தெற்கு ரயில்வேயைச் சேர்ந்தது என்று தலைப்பு வைக்கிறார்கள். ஐ.சி.எஃப். தனி உற்பத்தி அலகு. அதன் பொது மேலாளர் ரயில்வே வாரியத்துக்குப் பதில் சொல்கிறவர். பக்கத்திலேயே இருக்கிற கேரேஜ் ஒர்க்ஸும் இன்ஜின்களுக்கான லோகோ ஒர்க்ஸும்தான் தெற்கு ரயில்வேயுடையவை. சின்ன விஷயம்தானே என்பீர்கள். அந்தத் தலைப்பு வந்த அன்று அயனாவரத்திலிருந்தும் வில்லிவாக்கத்திலிருந்தும் எனக்கு எத்தனை போன் வரும் தெரியுமா? ஓய்வு பெற்ற சார்ஜ்மேன், வெல்டர் எல்லாரும் வாசகர்கள்தான். காலையில் டீக்கடையில் நம் பேப்பரை எழுத்து விடாமல் படிக்கிறவர்கள் அவர்கள். வீடியோ பார்க்கிற கூட்டத்தை எண்ணுகிற உங்கள் கருவி இவர்களை எண்ணுவதில்லை.

ராயபுரத்தைப் பற்றி எழுத மட்டும் எப்போதும் இடம் கிடைக்கும். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது, நாட்டில் இன்றும் நிற்கும் நிலையக் கட்டடங்களில் மிகப் பழையது அதுதான், 1922 வரை மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வேயின் தலைமையகம் அங்கேதான் இருந்தது. வருடம் தவறாமல் அதே தூண்களின் படத்தோடு கேட்பீர்கள், நானும் கொடுத்திருக்கிறேன். 1855-இல் செய்த நீராவி இன்ஜின் ஒன்றை லோகோ ஒர்க்ஸ் தொழிலாளர்கள் 2010-இல் திரும்ப ஓடவைத்தபோது அரைப்பக்கம் கிடைத்தது. சந்தோஷம். அதே ராயபுரத்தில் இன்று மின்சார இன்ஜின் ஷெட் இருக்கிறது, அதில் நூற்றுக்கணக்கானவர்கள் இரவு பகலாக வேலை செய்கிறார்கள் என்பதை எழுதக் கேட்டால் மட்டும் பக்கத்தில் இடம் இல்லாமல் போய்விடும். செத்துப்போன ரயில்வே மீது நமக்கிருக்கும் பாசம் உயிரோடு இருக்கிற ரயில்வே மீது ஏன் இல்லை என்று நான் பல முறை கேட்டிருக்கிறேன்.

இப்போது விபத்துகள். இதைத்தான் நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும்.

2009 ஏப்ரல் 29 அதிகாலையில் சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸிலிருந்து மின்சார ரயில் ஒன்றை அதன் ஓட்டுநர் அல்லாத யாரோ கிளப்பிக்கொண்டு போனார். அது வியாசர்பாடி ஜீவா அருகே நின்ற சரக்கு ரயிலில் மோதியது. நான்கு பேர் இறந்தார்கள். அன்று ஊர் முழுக்கக் கேட்ட கேள்வி, ஓட்டியது யார் என்பது. அது போலீஸ் கேள்வி, நியாயமானதும்கூட. ஆனால் ரயில்வே நிருபரின் கேள்வி வேறு. ஓட்டுநர் கேபினுக்குள் வெளியாள் எப்படி நுழைந்தார்? சாவி யாரிடம் இருந்தது? சிவப்பு சிக்னலைத் தாண்டிப் போகிற வண்டியைத் தடுத்து நிறுத்த அன்று என்ன ஏற்பாடு இருந்தது? இந்தக் கேள்விகள் அடுத்த விபத்து நடக்காமல் இருப்பதற்கானவை.

2023 ஜூன் 2-ஆம் தேதி பாலசோர் அருகே சென்னை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், மெயின் லைனில் போக வேண்டியது, பக்கத்துக் கிளைத் தடமான லூப் லைனில் நுழைந்து சரக்கு ரயிலில் மோதியது. 290 பேருக்கு மேல் இறந்தார்கள். அடுத்த வருடம் அக்டோபர் 11-ஆம் தேதி நம் வாசலிலேயே, கவரைப்பேட்டையில், பாக்மதி எக்ஸ்பிரஸ் அதே மாதிரி மெயின் லைன் பச்சை விளக்கோடு லூப் லைனில் நுழைந்து நின்ற சரக்கு ரயிலில் மோதியது. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. இரண்டும் ஒன்று போலத் தெரிந்ததால் அன்றிரவே பல இடங்களில் "அதே சிக்னல் கோளாறு" என்று ஓடவிட்டார்கள். பாலசோரில் சிக்னல் வேலையின்போது நடந்த தவறான வயர் இணைப்பு என்று விசாரணை சொன்னது. கவரைப்பேட்டையில் ரயிலைத் தடம் மாற்றிவிடும் பாயின்ட்டின் பாகங்களை யாரோ கழற்றியிருக்கிறார்கள் என்ற கோணம் பிறகு வந்தது. ஒன்று பராமரிப்பு, மற்றது நாசவேலை. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு விபத்துகள். பாயின்ட் என்றால் என்ன, அதையும் சிக்னலையும் ஒன்றோடொன்று பிணைக்கும் இன்டர்லாக்கிங் எதற்கு என்று தெரிந்தவர்தான் அன்றிரவு அவசரப்படாமல் எழுத முடியும்.

இன்னொன்று சொல்கிறேன். 2025 ஜூலை 8, கடலூர் செம்மங்குப்பம். பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் போனார்கள். கேட்டைத் திறக்கச் சொல்லி வேன் ஓட்டுநர் வற்புறுத்தினார் என்றுதான் முதலில் அதிகாரப்பூர்வமாக வந்தது. செய்திக்குறிப்பை அப்படியே எடுத்துப் போடுகிற இடங்களில் அதுவே தலைப்பானது. அது இன்டர்லாக் செய்யப்படாத, அதாவது சிக்னலோடு பிணைக்கப்படாத கேட். அப்படிப்பட்ட கேட்டில், மூடிவிட்டேன் என்று கேட்கீப்பர் போனில் ஸ்டேஷன் மாஸ்டரிடம் அதற்கு அடையாளமாக பிரைவேட் நம்பர் என்ற எண்ணைச் சொல்ல வேண்டும், அதை நம்பித்தான் ரயிலை விடுவார்கள். கேட் திறந்திருந்தாலும் சிக்னல் பச்சையாகிவிட முடியும். இது தெரிந்தவர் கேட்கும் முதல் கேள்வி, "இன்டர்லாக் கேட்டா? பிரைவேட் நம்பர் கொடுக்கப்பட்டதா?" என்பதுதான். பிறகு கேட்கீப்பர் கைது செய்யப்பட்டார், கதையே மாறியது. பாதிக்கப்பட்டவர் மேல் பழி போட்ட முதல் நாள் தலைப்பு மட்டும் இணையத்தில் அப்படியே கிடக்கிறது.

விபத்து நடந்த அன்று எல்லாரும் ஓடுவார்கள். அதற்கு ரயில்வே நிருபர் வேண்டியதில்லை, கேமராவும் காரும் போதும். வேலை அதற்கப்புறம்தான் தொடங்குகிறது. ரயில் பாதுகாப்பு ஆணையர் விசாரணை நடத்துவார். அந்த ஆணையம் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. ரயில்வேயை ரயில்வேயே விசாரிக்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. தகவல் தெரிந்த பொதுமக்களும் வந்து சாட்சி சொல்லலாம் என்று அறிவிப்பு கொடுப்பார்கள். அந்த அறிவிப்பை நாம் எத்தனை முறை பெரிதாகப் போட்டோம்? அறிக்கை பல மாதம் கழித்து, யாருக்கும் ஞாபகம் இல்லாத ஒரு நாளில் வரும். அதுவரை அதைத் துரத்திக்கொண்டிருக்க ஒரு ஆள் வேண்டும். பொதுச் செய்திப் பிரிவில் அந்த ஆள் யார்? அன்றன்றைக்கு யார் ஷிஃப்ட்டில் இருக்கிறாரோ அவர்.

பட்ஜெட்டும் அப்படித்தான். 1924-இலிருந்து ரயில்வேக்குத் தனி பட்ஜெட் இருந்தது. 2017-இல் பொது பட்ஜெட்டோடு சேர்த்தார்கள். முன்பெல்லாம் ரயில்வே அமைச்சர் பேசி முடிக்கும்வரை ஆபீஸே காத்திருக்கும், அடுத்த நாள் நாலு பக்கம். இப்போது நிதியமைச்சர் உரையில் ரயில்வே சில வரிகளோடு முடிந்துவிடுகிறது. நிஜமான விவரம் திட்டவாரியாக ஒதுக்கீட்டைச் சொல்லும் பிங்க் புக்கில் இருக்கிறது, பட்டியல் பட்டியலாக. சென்னையிலிருந்து மாமல்லபுரம் வழியாகக் கடலூர் போகும் பாதை மாதிரி திட்டங்கள் உயிரோடு இருப்பதாகக் காட்ட வெறும் 1,000 ரூபாய் ஒதுக்கிய வருடங்கள் உண்டு. தலைப்பில் "தமிழகத்துக்கு இத்தனை ஆயிரம் கோடி" என்று வரும். உள்ளே அந்த ஆயிரம் ரூபாய் வரியைத் தேடிப் பிடிக்கிறவர்தான் ரயில்வே நிருபர். தனி பட்ஜெட் போனபின் இந்த வேலை கூடியிருக்கிறது. நீங்களோ அப்போதிருந்தே பக்கத்தைக் குறைத்துக்கொண்டு வந்து இப்போது ஆளையும் எடுக்கிறீர்கள்.

சரி, வந்தே பாரத்துக்கே வருவோம். அந்த ரயில் பிறந்தது எங்கே? நம் பெரம்பூரில். 1955 அக்டோபர் 2 அன்று நேரு திறந்துவைத்த ஐ.சி.எஃப்.இல். 2018 ஜனவரியில் பழைய மாடல் பெட்டி கடைசியாக வெளியே போனது. அதே வருடம் டிரெயின் 18 தயாரானது. 2019 பிப்ரவரி 15 அன்று அது டெல்லியிலிருந்து வாரணாசிக்கு வந்தே பாரத் என்ற பெயரில் ஓடியது. வீடியோவில் நீங்கள் பார்ப்பது மூக்கு நீண்ட வெள்ளை ரயில். நான் எழுத வேண்டியது, அதன் பெட்டிகளை ஐ.சி.எஃப். தொழிலாளர்கள் எவ்வளவு செய்கிறார்கள், எவ்வளவு வெளியே போகிறது என்பது. வந்தே பாரத் ஸ்லீப்பரின் முதல் ரயிலைப் பெங்களூருவில் பெமல் நிறுவனம் செய்தது. அது சரியா தவறா என்று நான் தீர்ப்பு சொல்லவில்லை. ஆனால் ஐ.டி.ஐ. முடித்து அப்ரென்டிஸ் பயிற்சியும் முடித்துவிட்டு வேலைக்காகக் காத்திருக்கும் பையன்கள் நம் தெருக்களில் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கு இது வீடியோ இல்லை, வாழ்க்கை.

அப்புறம் அந்த ஏசி லோக்கல். சென்னையின் முதல் ஏசி புறநகர் ரயிலும் ஐ.சி.எஃப்.இல் செய்ததுதான். 2025 ஏப்ரலில் அது ஓடத் தொடங்கியது கடற்கரை, தாம்பரம், செங்கல்பட்டு தடத்தில். செய்தது இங்கே, ஓட்டம் அங்கே. நாம் அன்று போட்ட செய்தியில் டிக்கெட் விலை இருந்தது, பயணிகளின் சிரிப்பு இருந்தது. காசிமேட்டிலிருந்து மீன் கூடையோடு வெண்டர் பெட்டியில் ஏறும் ஒரு அக்கா என்னிடம் சொன்னது மட்டும் அதில் இல்லை. "எங்களுக்கு ஏசியெல்லாம் வேணாம் சார், டைமுக்கு வண்டி வந்தா போதும், மீனு கெட்டுப் போவுது" என்றார். நான் எழுதிக் கொடுத்தேன். இடமில்லை என்று தூக்கிவிட்டீர்கள்.

கொருக்குப்பேட்டை கேட்டில் நின்று பார்த்திருக்கிறீர்களா? சரக்கு ரயில் ஒன்று போகும், திறக்கும் என்று பார்த்தால் எதிர்ப்பக்கம் இன்னொன்று வரும். ஆம்புலன்ஸ் நிற்கும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் குனிந்து உள்ளே நுழைந்து ஓடுவார்கள். "இன்னா சார், பேப்பர்ல போட்டா கேட்டு தொறந்துருவானா?" என்று அங்கே ஒருவர் என்னைக் கிண்டல் செய்தார். திறக்க மாட்டார்கள்தான். ஆனால் விடாமல் எழுதினால் மேம்பால வேலை எந்த மேசையில் நிற்கிறது என்று அந்த மேசைக்காரருக்காவது உறுத்தும். விடாமல் எழுத ஒரே ஆள் தொடர்ந்து இருக்க வேண்டும்.

செய்தி எனக்கு யார் மூலம் வருகிறது என்பதையும் நீங்கள் யோசிக்கவில்லை. ரயில்வே ஊழியர் பத்திரிகையோடு பேச 1966-ஆம் வருட நடத்தை விதிகள் தடையாக இருக்கின்றன. பேசினால் சார்ஜ் ஷீட். அப்படியிருந்தும் நள்ளிரவில் தண்டவாளம் ரோந்து போகிற டிராக்மேன் பேசுகிறார், தண்டவாளத்தைச் சோதிக்கிற கீமேன் பேசுகிறார், ஸ்டேஷன் மாஸ்டர் பேசுகிறார். பல வருடங்களில் ஒருவர் பெயர்கூட என் மூலம் வெளியே போனதில்லை என்பதால் பேசுகிறார்கள். வார ஓய்வான 30 மணி நேரத்தை டியூட்டி முடிந்து சொந்த ஊர் திரும்பியதும் கிடைக்கும் 16 மணி நேரத் தலைமையிட ஓய்வோடு சேர்த்து 46 மணி நேரமாகத் தர வேண்டும் என்று லோகோ பைலட்டுகள் கேட்டபோது, அது சோம்பேறித்தனம் மாதிரி எழுதிய இடங்கள் உண்டு. இரவு டியூட்டி அடுத்தடுத்து போட்டால் கண் எப்படிச் சொருகும், இன்ஜினில் கழிப்பறை இல்லாமல் பெண் லோகோ பைலட்டுகள் தண்ணீர் குடிக்காமல் எத்தனை மணி நேரம் ஓட்டுகிறார்கள் என்று அவர்கள் என்னிடம் சொன்னதால்தான் நம் பேப்பரில் வேறு மாதிரி வந்தது. இந்த நம்பிக்கையை நான் வீட்டுமனை இணைப்பிதழுக்குப் போகும்போது டெஸ்க்கில் ஒப்படைத்துவிட்டுப் போக முடியாது. அது போன் நம்பர் பட்டியல் இல்லை.

செலவு என்கிறீர்கள். ரயில்வே பீட்டுக்கு நிர்வாகம் என்ன செலவு செய்கிறது என்று கணக்குப் பிரிவைக் கேளுங்கள். சீசன் டிக்கெட், போன். அவ்வளவுதான். அங்கீகாரம் பெற்ற பத்திரிகையாளர்களுக்கு இருந்த ரயில் கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். அதற்கப்புறம் வெளியூர் விபத்துகளுக்குப் போனதில் பாதி என் கைக்காசு. நான் அதைக் கேட்டு இதை எழுதவில்லை, ஆனால் "கட்டுப்படியாகவில்லை" என்ற சொல்லைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. லண்டனில் 1897-இல் தொடங்கிய ரயில்வே மாத இதழ் ஒன்று இன்னும் வருகிறது. அந்த நாட்டில் ரயில்வேயை மட்டும் எழுதியே முழு வாழ்க்கையும் வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். நம்மிடம் அதைவிடப் பல மடங்கு பெரிய ரயில்வே இருக்கிறது, பெட்டி செய்கிற தொழிற்சாலை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. நமக்கு ஒரே ஒரு நிருபர் பாரமாகிவிட்டார்.

எனக்கு வருத்தம் தருவது இன்னொன்றும் உண்டு. கொருக்குப்பேட்டையிலிருந்து வந்த பயிற்சி நிருபர் ஒருவரை என்னோடு கூட்டிக்கொண்டு போகிறேன். அம்மா மிஞ்சூரில் வேலைக்குப் போய்வருகிறவர், அந்தப் பெண் லோக்கலிலேயே வளர்ந்தவர். முதல் மாதம் காஷன் ஆர்டரைப் பார்த்து முழித்தார். போன வாரம் அவரே ஒரு வேகக் கட்டுப்பாட்டைக் காட்டி, "சார், இது போன மழைக்குப் போட்டதாச்சே, இன்னும் ஏன் எடுக்கல?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை எழுதுவதற்குள் உங்கள் சுற்றறிக்கை வந்துவிட்டது. அவரை சினிமா டெஸ்க்குக்கு மாற்றியிருக்கிறீர்கள்.

நான் கேட்பது இவை.

சுற்றறிக்கையைத் திரும்பப் பெற்று, முழுநேர ரயில்வே நிருபர் ஒருவரை வைத்திருங்கள். அது நானாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடவில்லை. என்னை மாற்றுவதுதான் முடிவு என்றால் அந்தப் பயிற்சி நிருபரை இந்த பீட்டில் போடுங்கள், ஒரு வருடம் என்னோடு வர விடுங்கள். அதற்காக வீட்டுமனை இணைப்பிதழ் வேலையையும் சேர்த்துச் செய்யத் தயாராக இருக்கிறேன்.

ரயில்வேயிடமிருந்து வரும் செய்திக்குறிப்பை அப்படியே போட்டால் அது செய்திக்குறிப்பு என்று வாசகருக்குத் தெரியும்படி போடுங்கள். விபத்து நாளில் வந்த விளக்கம் பிறகு பொய்த்தால், இணையத்தில் கிடக்கும் பழைய செய்தியின் தலையிலேயே திருத்தம் போடுங்கள். செம்மங்குப்பம் செய்தியில் இதை இந்த வாரமே தொடங்கலாம்.

ஒவ்வொரு பெரிய விபத்துக்கும் பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை வரும்வரை தொடர்வது இன்னாருடைய பொறுப்பு என்று பெயரோடு எழுதி வையுங்கள். பொதுமக்கள் சாட்சி சொல்லலாம் என்ற அறிவிப்பை விளம்பரக் கட்டணம் பார்க்காமல் முதல் மூன்று பக்கத்துக்குள் போடுங்கள்.

கும்மிடிப்பூண்டி தடம், கொருக்குப்பேட்டை கேட், பெரம்பூர் தொழிற்சாலைகள் இவற்றுக்காக வாரத்தில் ஒரு நாள் அரைப்பக்கம் ஒதுக்குங்கள். மீன் கூடைக்கார அக்கா சொன்னது அதில் முதலில் வரட்டும், எழுதிய பிரதி என்னிடம் இருக்கிறது.

இந்தப் பீட்டில் எனக்கு முன்பிருந்தவரும் நானும் சேர்த்த பிங்க் புக்குகள், பழைய ஒர்க்கிங் டைம்டேபிள்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய பதில்கள் அலமாரியில் இருக்கின்றன. ஆபீஸ் இடம் மாறும்போது பழைய பேப்பர்காரருக்குப் போடாமல் நூலகத்தில் சேருங்கள். ஊழியர்களின் பெயரும் எண்ணும் உள்ள குறிப்பேடுகளை மட்டும் தர மாட்டேன்.

முதல் தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். முடிவெடுப்பதற்கு முன் உங்களில் ஒருவராவது காலை ஏழு மணிக்கு சென்ட்ரலில் என்னோடு கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏற வேண்டும் என்பதும் என் கோரிக்கைதான். எந்த நாள் என்று நீங்கள் சொல்லுங்கள், நான் வந்து நிற்கிறேன்.

இப்படிக்கு,
பெரம்பூரிலிருந்து,
உங்கள் ரயில்வே நிருபர்